எட்டாம் நம்பர் பஸ்ஸின் பேறுகாலம்

தேரிமங்கலத்தில் பஸ் ஓடாமல் நின்ற பத்தொன்பது நாட்களைப் பற்றி ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள், மழை பெய்தது என்பார்கள், பெய்யவில்லை என்பார்கள், போலீஸ் அடித்தது என்பார்கள், அடிக்க ஓங்கியதோடு சரி என்பார்கள், ஆனால் பன்னிரண்டாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு டிப்போவில் எட்டாம் நம்பர் பஸ் குட்டி போட்டது என்பதில் மட்டும் ஊரில் இரண்டு பேச்சு கிடையாது.

வேலைநிறுத்தம் நடந்தது எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம். டிப்போவில் நாற்பத்திரண்டு பஸ்கள் இருந்தன, ஓட்டவும் டிக்கெட் கிழிக்கவும் நூற்றிப்பத்துப் பேர்தான் இருந்தார்கள், பஸ்ஸுக்கு ஓய்வு வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்த தலைமை அலுவலகத்துக்கு ஆளுக்கும் ஓய்வு வேண்டும் என்று தெரிந்திருக்கவில்லை. விடியுமுன் வண்டியை எடுத்தவன் மாற்று ஆள் வராததால் மதியமும் அதே வண்டியை எடுப்பான், லீவு கேட்டால் மேனேஜர் சிரிப்பார், சிரித்துவிட்டு அழாத குறையாக இல்லை என்பார். கடைசியில் ஒரு கண்டக்டர் நின்றுகொண்டே தூங்கி, தூக்கத்திலேயே மூன்று பேருக்குச் சரியாகச் சில்லறை கொடுத்து, நாலாவது ஆளுக்குக் கொடுக்கும்போது படிக்கட்டிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பணி நேரத்தில் தூங்கியதற்காக ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவருக்கு மெமோ கொடுத்தார்கள். மறுநாள் காலை நாற்பத்திரண்டு பஸ்ஸும் நின்றன. கோரிக்கைகள் எட்டு. முதலாவது எட்டு மணி நேர வேலை, எட்டாவது டிப்போவில் கதவு வைத்த ஒரு கக்கூஸ்.

எட்டாம் நம்பரைப் பதினொரு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தவர் தவசிமுத்து. அதிகம் பேசாத மனிதர், பேச வேண்டியதை எல்லாம் ஹாரனில் பேசிவிடுவார் என்பார்கள். அவர் மனைவி புஷ்பக்கனி பீடி சுற்றுகிறவள், நாலு பிள்ளை பெற்றவள், அந்த நாலு பேறுகாலத்திலும் புருஷன் பக்கத்தில் இல்லை. மூத்தவன் பிறந்தபோது கோயில் கொடைவிழாவுக்கு ஸ்பெஷல் பஸ், அடுத்தவள் பிறந்தபோது தேர்தலுக்குப் பெட்டி ஏற்றப் போயிருந்தார், மூன்றாமவன் பிறந்தபோது மாநாட்டுக்கு ஆள் ஏற்ற, நாலாவதுக்கு ஒரு காரணமும் இல்லை, மாற்று ஆள் வரவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அவர் இரண்டு நாள் கழித்து, கையில் ஒரு கட்டு வெற்றிலையும் முகத்தில் ஒரு திருட்டு முழியுமாக வந்து நிற்பார். புஷ்பக்கனி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

வேலைநிறுத்தம் தொடங்கியதும் டிப்போ கேட்டுக்கு வெளியே தென்னங்கீற்றில் ஒரு பந்தல் போட்டார்கள். பெண்கள் மதியம் பானையில் கஞ்சியும் துவையலும் கொண்டுவருவார்கள். பன்னிரண்டாம் நாள் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த புஷ்பக்கனி, கேட்டுக் கம்பிக்குள்ளே சுவரோரமாக நின்ற எட்டாம் நம்பரைத் தற்செயலாகப் பார்த்தாள், அகப்பையைக் கீழே வைத்தாள், மறுபடி பார்த்தாள். பஸ் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. பன்னிரண்டு நாளாக யாரும் சாவி போடாத வண்டியின் பானெட்டிலிருந்து லேசாக ஆவி வந்தது. ஸ்பிரிங் ஒவ்வொன்றும் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது.

"இது நெறமாசம்லா," என்றாள் புஷ்பக்கனி.

"எது?" என்றார் தவசிமுத்து.

"உங்க வண்டிதான். பதினோரு வருசமா ஓட்டுதிய, வயித்தைப் பாத்து இதுகூடத் தெரியல?"

பந்தலில் ஒருவரும் 'அதெப்படி' என்று கேட்கவில்லை. கடைசி ஏழெட்டு மாதமாக வண்டி மேடு ஏறத் திணறியதும், புளியமரத்தைக் கண்டால் தானாக வேகம் குறைந்ததும், பழைய டயர் நாற்றம் அடித்தால் குலுங்கியதும் அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. மெக்கானிக்குகள் இரண்டு தடவை கிளட்ச்சை மாற்றியிருந்தார்கள். இப்போது தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வேலைநிறுத்தத்தில் இருப்பவன் டிப்போவுக்குள் போக வேண்டுமென்றால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், கையெழுத்துப் போட்டால் வேலைக்கு வந்ததாக ஆகிவிடும், வேலைக்கு வந்தால் கருங்காலி. மேனேஜர் குருபாதம் நல்ல மனிதர்தான், ஆனால் விதியை மீற அவருக்குப் பயம். அவர் யோசித்து யோசித்து, வெளியாட்கள் வந்தால் எழுதும் இன்னொரு நோட்டை எடுத்துவந்தார். பெயர் என்ற இடத்தில் தவசிமுத்து என்று எழுதினார். யாரைப் பார்க்க என்ற இடத்தில் எட்டாம் நம்பர் என்று எழுதினார். உறவு என்ற இடத்தில் பேனா நின்றது.

"டிரைவர்னு எழுத முடியாதே," என்றார் குருபாதம்.

தவசிமுத்து கம்பிக்குள்ளே நின்ற வண்டியைப் பார்த்தார். "தெரிஞ்சவர்னு போடுங்க சார்."

அப்படியே போட்டுக்கொண்டு உள்ளே விட்டார். புஷ்பக்கனிக்கும் கூட வந்த ஐந்து பெண்களுக்கும் அவர் எந்த நோட்டையும் நீட்டவில்லை, நீட்டும் தைரியம் இல்லை.

மதியம் இரண்டு மணிக்கு, தாராளமான வெயிலில், எட்டாம் நம்பர் பஸ் பின்பக்கமாக ஒரு குட்டியை ஈன்றது. பெண்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டார்கள், ஆண்கள் கேட்டுக்கு வெளியே பீடியைப் பற்றவைத்து அணைத்துப் பற்றவைத்தார்கள், தவசிமுத்து முன்னால் நின்று பஸ்ஸின் இரண்டு விளக்குகளுக்கும் நடுவே கையை வைத்து, "ஆச்சு, ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். குட்டி ஒரு கன்றுக்குட்டி உயரம் இருந்தது. உடம்பெல்லாம் டீசல் ஈரம், நாலு சக்கரமும் நுங்குபோல் மெத்தென்று, விளக்குகள் இரண்டும் இன்னும் திறக்கவில்லை, நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடம் பிறந்த குழந்தையின் நெற்றிபோல் வெறுமையாக இருந்தது. தள்ளாடி எழுந்து, தாயின் அடியில் புகுந்து, டீசல் டாங்கியின் கீழ்க்குழாயைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

தவசிமுத்து தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். புஷ்பக்கனி அதைப் பார்த்தாள். பார்த்ததும் பதினாறு வருஷமாக மூடி வைத்திருந்தது பொங்கி வழிந்தது.

"நாலு பெத்தேன்," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் கேட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டது. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தலைமாட்டுல வந்து நின்னியளா? ஆச்சு ஆச்சுன்னு சொன்னியளா? பஸ்ஸுக்குப் பேறுகாலம்னா மட்டும் உங்களுக்கு அழுக வருதோ?"

சொல்லிவிட்டுக் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகிற வழியில் திரும்பிவந்து, குட்டிக்குச் சேனை தொட்டுவைத்தாள், விரலில் சர்க்கரைத் தண்ணீரை நனைத்து ரேடியேட்டரில் மூன்று தடவை. சேனை தொட்டவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சங்கச் செயலாளர் ஞானதிரவியம் கேட்டுக்கு வெளியேயும் மேனேஜர் குருபாதம் உள்ளேயும் அதற்காக ஆளுக்கொரு தம்ளரோடு நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் தம்ளரைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

ஊர் அந்தக் குட்டியை எடுத்துக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். பஸ் ஓடாத காலம், ஆனாலும் சுற்றுப்பட்டு எட்டுக் கிராமத்திலிருந்தும் நடந்தே வந்தார்கள். வெறுங்கையோடு வரக் கூடாது என்று பூண்டும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து, நல்லெண்ணெயைத் தாயின் ஸ்பிரிங்குக்கும் மற்றதைப் பந்தலுக்கும் கொடுத்தார்கள், அதனால் அந்த வாரம் வேலைநிறுத்தக்காரர்கள் வேலை செய்த காலத்தைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள். குட்டி என்பதா கன்று என்பதா என்று ஒரு சண்டை வந்தது. தமிழ் வாத்தியாரைக் கேட்டதற்கு, ஆட்டுக்குக் குட்டி, மாட்டுக்குக் கன்று, கோழிக்குக் குஞ்சு, வாழைக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பஸ்ஸுக்கு மரபு எதுவும் இல்லை, ஆகவே எப்படிச் சொன்னாலும் பிழைதான் என்று தீர்ப்புச் சொன்னார். எப்படியும் பிழை என்றான பிறகு சுலபமானதையே சொல்லலாம் என்று எல்லோரும் குட்டி என்றார்கள்.

தலைமை அலுவலகத்துக்குக் குருபாதம் தந்தி கொடுத்தார். 'எட்டாம் எண் வண்டி குட்டி ஈன்றது, தாயும் சேயும் நலம்' என்று. பதில் தந்தி உடனே வந்தது: 'தகப்பன் யார், விளக்கம் தேவை.' குருபாதம் ஒன்பது மாதத்துக்கு முந்தைய பதிவேடுகளைப் புரட்டி, எட்டாம் நம்பருக்குப் பக்கத்தில் எந்தெந்த வண்டி எத்தனை நாள் நின்றது என்று இரண்டு நாள் ஆராய்ந்தார். ஆக்சில் உடைந்து ஐந்து நாள் டிப்போவில் தங்கிப்போன ஒரு மலையாளத்துச் சுற்றுலா பஸ்மீது அவருக்குச் சந்தேகம் விழுந்தது. ஆனால் குட்டியின் முகத்தில் ஒரு உப்பு லாரியின் சாயல் இருந்ததாக ஊரில் பேச்சு. ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்க வேண்டாம் என்று கடைசியில் அவர், 'விசாரணை நடந்துவருகிறது' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

பந்தலுக்குள்ளே வந்த பிரச்சினைதான் பெரியது. யாரோ ஒரு கண்டக்டர் விளையாட்டாக, "எல்லாரும் வேலையை நிறுத்தியிருக்கும்போது எட்டாம் நம்பர் மட்டும் வேலை பாத்துருக்கே, அப்போ அது கருங்காலிதானவே?" என்று கேட்டுவிட்டான். சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யோசித்தார்கள். யோசித்ததும் சங்கம் இரண்டாகப் பிளந்தது. குட்டி போடுவது வேலைதான், நிர்வாகத்துக்கு ஒரு பஸ் லாபம் என்று ஒரு கட்சி. அது வேலை இல்லை, இயற்கை, தும்முவதுபோல என்று இன்னொரு கட்சி. இரண்டு நாள் தொண்டை கட்டும்வரை பேசினார்கள். பேசிய இரண்டு கட்சியும் ஆண்கள். மூன்றாம் நாள் செயலாளர் ஞானதிரவியம், கஞ்சிப் பானையோடு வந்த புஷ்பக்கனியை நிறுத்தினார்.

"மைனி, நீங்க சொல்லுங்க. பேறுகாலம் வேலையா, இல்லையா?"

புஷ்பக்கனி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க வீட்டுல மூணு பிள்ளை இருக்கு, செயலாளரே. அவங்க அம்மைகிட்ட கேட்டதில்லையா?"

"இல்ல."

"வேலைதான். அதைவிட வேற வேலை உண்டுமா? ஆனா மேனேஜர் விசில் அடிச்சா தொடங்குத வேலையும் இல்ல, நீங்க கொடி பிடிச்சா நிக்கித வேலையும் இல்ல. கருங்காலிங்கறது கூலிக்குப் போறவன். அவளுக்கு யாரு கூலி கொடுத்தா? எங்களுக்குத்தான் யாரு கொடுத்தா? பக்கத்துல நிக்கக்கூட ஆளை விடமாட்டேன்னுட்டானுவ. எட்டுக் கோரிக்கை எழுதினியளே, கக்கூஸுக்குக் கதவு கேட்டியளே, பொண்டாட்டி பேறுகாலத்துக்குச் சம்பளத்தோட நாலு நாள் லீவு வேணும்னு ஒருத்தனுக்காவது தோணிச்சா?"

கடைசி வரிசையில் இருந்த தவசிமுத்து எழுந்து நின்றார். சங்கக் கூட்டத்தில் அவர் பேசியதே கிடையாது.

"அஞ்சு நாள்னு போடுங்க," என்றார்.

அப்படித்தான் ஒன்பதாவது கோரிக்கை சேர்ந்தது. புஷ்பக்கனி ஞானதிரவியத்தின் பின்னால் நின்று, எழுதி முடிக்கும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதையும் சேத்துக்கோங்க," என்று அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு வரியைப் பொடி எழுத்தில் சேர்த்தார்.

குட்டியின் படம் பத்திரிகையில் வந்துவிட்டது, பார்க்க வந்த கூட்டமெல்லாம் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு என்று தலைமை அலுவலகம் கணக்குப் போட்டது. பதினேழாம் நாள் காலை ஒரு பெரிய அதிகாரி இரண்டு வேன் போலீசும் பத்துத் தற்காலிக டிரைவர்களுமாக வந்து இறங்கினார். கூடவே ஒரு லாரி. குட்டி நிர்வாகத்தின் சொத்து, அதைத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், எட்டாம் நம்பரை அன்றே ரூட்டில் விட வேண்டும் என்பது உத்தரவு. வண்டிகளின் தகுதியைப் பார்க்க பிரேக் இன்ஸ்பெக்டர் கோயில்ராஜையும் அழைத்துவந்திருந்தார். கோயில்ராஜ் லஞ்சம் வாங்காதவர், அதனால் இரண்டு பக்கமும் அவரைக் கண்டால் நடுங்கும்.

குட்டிக்கு அதற்குள் விளக்கு திறந்திருந்தது. போலீஸ்காரர்கள் கயிறு போட்டதும் அது தாயின் அடியில் புகுந்து, தீப்பெட்டிக்குள் வண்டு கத்துவதுபோல ஹாரன் அடித்தது. தாய் இருந்த இடத்தில் நின்றபடி கிடுகிடுவென்று நடுங்கியது.

புஷ்பக்கனி கேட்டின் நடுவே போய் நின்றாள். கோஷம் போடவில்லை, அதிகாரியை ஏறிட்டும் பார்க்கவில்லை. "பிரேக் இன்ஸ்பெக்டர் ஐயா, ஒரு சந்தேகம். நம்பர் பிளேட் இல்லாத வண்டியை ரோட்டுல கொண்டாந்தா நீங்க என்ன செய்விய?"

"பிடிச்சு நிறுத்திடுவேன் தாயி."

"லாரியில் ஏற்றித்தானே கொண்டுபோகிறோம்," என்றார் அதிகாரி. "அப்போது அது வண்டி இல்லை, சரக்கு."

"சரக்குன்னா பில் வேணும்லா?" என்றாள் அவள் கோயில்ராஜிடம். "எங்க வாங்கினது, யாருகிட்ட வாங்கினதுன்னு."

"பில் இல்லாத சரக்கு திருட்டுச் சரக்கு," என்றார் கோயில்ராஜ் வருத்தத்தோடு. அவருக்குச் சட்டத்தைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

அதிகாரிக்கு முகம் சிவந்தது. "வாங்கவில்லை ஐயா! எங்கள் வண்டிக்குப் பிறந்தது! அது ஒரு ஜீவன்!"

அவர் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்ததும் கூட்டம் முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது.

"ஜீவன்தானா?" என்றாள் புஷ்பக்கனி. இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். "அப்போ பொறந்து அஞ்சு நாள் ஆன ஜீவனைப் பால்குடியில தாய்கிட்ட இருந்து பிரிச்சுக் கொண்டுபோறியளே, எந்தச் சட்டத்துல இருக்கு?"

அதிகாரி கோயில்ராஜைப் பார்த்தார். கோயில்ராஜ் வானத்தைப் பார்த்தார். பத்துத் தற்காலிக டிரைவர்களும் மூன்று மணி நேரமாக வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள், பெண்கள் அவர்களுக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் பட்டாளத்தில் லாரி ஓட்டிய ஒருவர் தூக்குவாளியைக் கழுவி வைத்துவிட்டு, "சார், என்னைய மன்னிக்கணும், குட்டியைக் கத்தவிட்டுட்டுத் தாயை ஓட்டினா என் வீட்டுக்காரி எனக்குச் சோறு போடமாட்டா," என்று நடையைக் கட்டினார். மற்ற ஒன்பது பேரும் அவர் பின்னாலேயே போனார்கள். குட்டிக்குப் போட்ட கயிற்றைப் போலீஸ்காரர்களே அவிழ்த்தார்கள், லாரி வெறுமையாகத் திரும்பியது.

பத்தொன்பதாம் நாள் மேனேஜர் அறையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இடுப்பு உடைந்த கண்டக்டரின் மெமோ ரத்தானது, எட்டு மணி நேர வேலை ஒப்புக்கொள்ளப்பட்டது, சம்பள உயர்வில் கேட்டதில் பாதிதான் கிடைத்தது, கக்கூஸுக்குக் கதவு கிடைத்தது, தாழ்ப்பாள் அடுத்த ஆண்டு என்றார்கள். ஒன்பதாவது கோரிக்கை வந்தபோது அதிகாரி பத்தொன்பது நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். "எந்த ஆம்பளை வந்து வெட்கமில்லாமல் இந்த லீவைக் கேட்கப்போகிறான்!" என்று சொல்லி, பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பொடி எழுத்தில், 'இதற்குமுன் நடந்த பிரசவங்களுக்கும் இது பொருந்தும்' என்று இருந்தது.

வேலைநிறுத்தம் செய்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்ற அறிவிப்பு மறுநாள் ஒட்டப்பட்டது. அதற்கு அடுத்த நாள் டிப்போவில் நூற்றியெட்டு லீவு விண்ணப்பங்கள் வந்தன. பிள்ளைக்கு ஐந்து நாள் வீதம், மூன்று பிள்ளைக்காரன் பதினைந்து நாள், ஏழு பிள்ளைக்காரன் முப்பத்தைந்து நாள், எல்லாம் பழைய பிரசவங்கள், எல்லாவற்றுக்கும் வீட்டில் நடமாடும் சாட்சி இருந்தது. பெண்டாட்டி பெற்ற வேதனைக்கு அத்தனை வருஷம் கழித்து, புருஷன்மார் வேலைநிறுத்த நாட்களை லீவாக எழுதிச் சம்பளத்தோடு தப்பித்துக்கொண்டார்கள். கல்யாணமாகாத இரண்டு பேர் மட்டும்தான் முழுச் சம்பளத்தையும் இழந்தார்கள், அவர்களும் அந்தத் தை மாதமே கல்யாணம் செய்துகொண்டார்கள். குருபாதம் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டார், விதி விதிதான் என்றார், அவர் அவ்வளவு சந்தோஷமாக விதியைக் கடைப்பிடித்து யாரும் பார்த்ததில்லை.

குட்டி வளர்ந்தது. இரண்டு வருஷத்தில் தாய் உயரம் வந்தது, எட்டு-ஏ என்று நம்பர் எழுதி டவுன் பஸ்ஸாக விட்டார்கள், நிறுத்தத்தில் ஒரு கர்ப்பிணி நின்றால் போதும், டிரைவர் பிரேக்கைத் தொடாமலே நிற்கும், யார் சேனை தொட்டது என்று தெரிந்தவர்கள் அதன் பிடிவாதத்தைக் கண்டு ஆச்சரியப்படவில்லை.

தவசிமுத்துவுக்கு நாலு பிள்ளைக்கு இருபது நாள். பத்தொன்பது நாள் வேலைநிறுத்தத்தில் கழிந்தது போக ஒரு நாள் மிச்சம் இருந்தது. அதை ஒரு வியாழக்கிழமை எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, பீடித் தட்டை மடியில் வைத்திருந்த புஷ்பக்கனியின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு வேலைக்குப் போகலியா?"

"லீவு."

"எதுக்கு?"

"பேறுகாலத்துக்கு," என்றார். சொல்லும்போது காது சிவந்தது. "ஏட்டி, மூத்தவன் பொறந்தப்ப என்ன நடந்துச்சு? சொல்லேன்."

புஷ்பக்கனி கத்தரியைக் கீழே வைத்தாள். அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்தாள், இல்லை. "முதல்ல உங்களைத்தான் வஞ்சேன். நான் வஞ்ச வசவுல மருத்துவச்சி காதைப் பொத்திக்கிட்டா."

"என்னன்னு வஞ்ச?"

"சொன்னா தாங்குவியளா?"

"சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். எந்த வார்த்தையையும் விடவில்லை, அவர் அம்மாவை வைததையும் விடவில்லை. வலி எடுத்தது எப்போது, விளக்கு அணைந்தது எப்போது, பிள்ளை அழாமல் கிடந்த அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளமாக இருந்தது, முதுகில் தட்டி அது அழுததும் தான் சிரித்தது, சிரித்ததும் வாசலைப் பார்த்தது. தவசிமுத்து தலையைத் தொங்கப்போட்டபடி பீடி இலையை வெட்டிக்கொடுத்துக்கொண்டே கேட்டார், மதியம் அவரே உலை வைத்தார், சோறு குழைந்துவிட்டது, இரண்டு பேரும் அதைத் தின்றார்கள், அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள், இடையில் அழுதாள், இடையில் அவருக்குத் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் பையை எறிந்தபோது அவள் இரண்டாவது பிள்ளையின் இடுப்பு வலியில்தான் இருந்தாள்.

மறுநாள் காலை மேனேஜர் குருபாதத்தின் மேஜையில் தவசிமுத்துவின் லீவு நீட்டிப்புக் கடிதம் இருந்தது. காரணம் என்ற இடத்தில், 'என் மனைவிக்கு இரண்டாவது பிரசவம் இன்னும் முடியவில்லை' என்று எழுதியிருந்தது.